அம்மா ரூமை இடிச்சுக் கட்டின கதை

1/
கொஞ்சம் நீளமான திரெட். நேரம் இருக்கிறப்போ பொறுமையா படிங்க. வழக்கமா சுகர், பிரஷர், டெங்குன்னு எழுதுற டாக்டர் இன்னிக்கு எதுக்கு செங்கல், ஜல்லி பத்தி எழுதுறாங்கன்னு தோணும். காரணம் இருக்கு. இது எங்க அம்மா கையை உடைச்சுக்கிட்ட கதை. அதுல என் பங்கு எவ்வளவுன்னு கடைசியிலதான் எனக்கே புரிஞ்சது.

2/
கும்பகோணம் பக்கத்துல எங்க தாத்தா கட்டின வீடு. வயசு எண்பதைத் தாண்டிடுச்சு. திண்ணை, ரேழி, முற்றம், கூடம், பின்னாடி கொல்லை. மேலே மெட்ராஸ் ஒட்டு. தெரியாதவங்களுக்குச் சொல்றேன்: தேக்கு உத்திரம் போட்டு, குறுக்கே சட்டம் அடுக்கி, அதுக்கு மேல சின்னச் செங்கல்லை குத்துவசமா நிறுத்தி சுண்ணாம்புக் கலவையில கட்டுற தளம். கம்பியும் கிடையாது, சிமெண்ட்டும் கிடையாது. சுவர் ஒவ்வொண்ணும் ஒன்றரை அடி கனம். அந்த வீடு எங்களுக்கு ஒருநாளும் தொந்தரவு கொடுத்ததில்லை. தொந்தரவு கொடுத்தது, கொல்லைப்பக்கம் நாங்க ஒட்டுப் போட்ட ஒரே ஒரு ரூம்.

3/
2003ல அப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. வலது கை, வலது கால் வரல. நான் அப்போ ஹவுஸ் சர்ஜன். எங்க வீட்டுல கழிவறை கொல்லையோட கடைசியில, கிணத்தைத் தாண்டி இருந்தது. அப்பாவை நாற்காலியில உட்கார வச்சு ரெண்டு பேர் தூக்கிட்டுப் போவோம். பள்ளிக்கூட வாத்தியாரா நிமிர்ந்து நடந்த மனுஷன். ஒருநாள் மழையில தூக்கிட்டுப் போறப்போ யார் முகத்தையும் பார்க்காம கண்ணை மூடிக்கிட்டார். அன்னிக்கே முடிவு பண்ணினோம். கூடத்தை ஒட்டி ஒரு ரூம், அதுக்குள்ளேயே பாத்ரூம். ஐப்பசி மழைக்கு முன்னாடி முடிச்சாகணும்.

4/
நாற்பது நாள்ல முடிஞ்சது. மாமாதான் கூட நின்னு கட்டினார். 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய், அதுல பாதி கடன். அப்பா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். வாய் குழறும், ஆனா சைகையில தெளிவா காட்டினார். ஜன்னல் தாழ்வா இருக்கணும், படுத்திருந்தா கிணத்தடி பவழமல்லி தெரியணும். அப்படியே வச்சோம். அந்த ரூம்ல அப்பா 2008 வரைக்கும் இருந்தார். பாத்ரூம் போக யாரும் தூக்க வேண்டியிருக்கல. அந்த அஞ்சு வருஷத்துக்காக அந்த ரூம் மேல எனக்கு இன்னிக்கும் நன்றி உண்டு. இதை முதல்லயே சொல்லிடறேன்.

5/
2009ல முதல் விரிசல். கூடத்துச் சுவரும் புது ரூம் சுவரும் சேர்ற இடத்துல, மேலேருந்து கீழ வரைக்கும் நேர்கோடு. கொத்தனாரைக் கூப்பிட்டு சிமெண்ட் அப்பினோம். அடுத்த வருஷம் அதே இடத்துல திரும்ப வந்தது. 2017ல பட்டி பார்த்து அடைச்சோம். அதுக்குள்ள சுவர் அடியில ஓதம் ஏறி, உப்பு பூத்து, பெயிண்ட் அப்பளம் மாதிரி உரிஞ்சு வர ஆரம்பிச்சது. 2021ல வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் அடிச்சோம். மூணு தடவைக்கும் சேர்த்து ஏறக்குறைய 60 ஆயிரம். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மழைக்காலம் தாங்கும். அப்புறம் பழைய கதைதான்.

6/
இதுக்கு நடுவுல முட்டி வலின்னு அம்மா அந்த ரூமுக்கு மாறினாங்க. பாத்ரூம் பக்கத்துல இருக்குல்ல. 2019 மார்கழியில அம்மாவுக்கு இருமல் ஆரம்பிச்சது. ராத்திரி வீசிங். நான் இன்ஹேலர் கொடுத்தேன். வெயில் காலத்துல குறையும், மழைக்காலத்துல கூடும்.

என் ஓபிக்கு வீசிங்னு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் நான் கேக்குற கேள்வி ஒண்ணு இருக்கு: "வீட்டுல ஓதம் இருக்கா? சுவர்ல கறுப்பா பூஞ்சை இருக்கா?" ஈரமும் பூஞ்சையும் ஆஸ்துமாவைக் கூட்டும். உலக சுகாதார நிறுவனம் 2009லயே இதுக்குன்னு தனியா வழிகாட்டி வெளியிட்டிருக்கு. எங்க அம்மா கட்டில், அந்த உப்பு பூத்த சுவரை ஒட்டித்தான் கிடந்தது. அம்மாகிட்ட மட்டும் அந்தக் கேள்வியை நான் கேக்கவே இல்லை. எனக்குத்தான் பதில் தெரியுமே.

7/
2023 டிசம்பர். விடியற்காலை நாலு மணி. அம்மா காபி போட அடுக்களைக்குப் போறதுக்காக ரூமை விட்டு வெளிய வர்றாங்க. கூடத்துத் தரைக்கும் ரூம் தரைக்கும் நடுவுல வாசப்படியில ஒரு விரல் உயரத்துக்கு ஏற்றத்தாழ்வு. கட்டினப்போ சமமா இருந்த தரைதான். ரூம் பக்கம் வருஷா வருஷம் கொஞ்சம் கொஞ்சமா இறங்கியிருக்கு. நாங்க சிமெண்ட் பூசி மேடாக்கி வச்சிருந்தோம், அதுவும் உடைஞ்சிருந்தது. கால் தட்டி விழுந்துட்டாங்க. கையை ஊன்றினதுல இடது மணிக்கட்டு எலும்பு உடைஞ்சது.

8/
எலும்பு டாக்டர் நண்பர் எக்ஸ்ரேவைப் பார்த்துட்டு, "கை ஊன்றினதால தப்பிச்சாங்க. இடுப்பு போயிருந்தா வேற கதை"ன்னார். அவர் சொன்னதோட அர்த்தம் எனக்குத் தெரியும். வயசானவங்களுக்கு இடுப்பு எலும்பு உடைஞ்சா, ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சாலும் நிறைய பேர் பழைய மாதிரி தனியா நடமாடுறது இல்லை. படுத்த படுக்கை, நிமோனியா, படுக்கைப் புண்ணுன்னு ஒண்ணு மாத்தி ஒண்ணு வரும். உலக அளவுல விபத்தால வர்ற சாவுல சாலை விபத்துக்கு அடுத்த இடம் கீழ விழுறதுக்குத்தான்.

மாவுக்கட்டு போட்டு அம்மாவை என் வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன்.

9/
மூணாவது வாரம் சித்தி பையன் போன் பண்ணினான். "அக்கா, பெரியம்மா ரூம்ல தளம் பேந்து விழுந்திருக்கு. போட்டோ அனுப்பறேன், பாருங்க."

போட்டோல அம்மா தலையணை. அது மேல ஒரு சாண் அகலத்துக்கு கான்கிரீட் பாளம். மேலே தளத்துல துருப்பிடிச்ச கம்பி பல்லைக் காட்டிக்கிட்டு இருந்தது.

ஓபியில உட்கார்ந்து அதைப் பார்த்தேன். வெளிய நாற்பது பேர் நிக்கிறாங்க. பத்து நிமிஷம் யாரையும் உள்ள கூப்பிட முடியல. அம்மா கை உடையாம இருந்திருந்தா அன்னிக்கு அந்தத் தலையணையில படுத்திருப்பாங்க.

10/
இந்தத் தடவை கொத்தனாரைக் கூப்பிடல. ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருத்தரைக் கூட்டிட்டுப் போனேன். அவர் பண்ணின முதல் வேலை, சின்ன சுத்தியலால தளத்தையும் சுவரையும் தட்டித் தட்டிக் கேட்டது. நல்ல இடத்துல கணீர்னு கேக்குது. பிடிப்பு விட்ட இடத்துல பொக்குன்னு கேக்குது.

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. நாங்களும் நெஞ்சுல விரலை வச்சுத் தட்டித்தானே பாக்குறோம்? 1761ல அந்த முறையைப் பத்தி முதல்ல புத்தகம் எழுதின ஆவென்ப்ருகர்ங்கிற ஆஸ்திரிய டாக்டர், விடுதி நடத்துனவரோட பையன். பீப்பாயில சரக்கு எவ்வளவு இருக்குன்னு தட்டிப் பாக்குறதைக் கவனிச்சுத்தான் அவருக்கு இந்த யோசனை வந்ததுன்னு சொல்லுவாங்க. இருபது வருஷமா ஊர்ல இருக்கிற நெஞ்சையெல்லாம் தட்டினவ, என் வீட்டுச் சுவரை ஒரு தடவைகூட தட்டிப் பார்த்ததில்லை.

11/
அடுத்து, சுவரை ஒட்டிக் குழி தோண்டிப் பார்த்தார். எளிமையா சொல்றேன்.

பழைய வீட்டுக் கடக்கால் நாலரை அடி ஆழம். புது ரூமுக்கு ஒன்றரை அடி. அதுவும் எங்க பழைய மாட்டுக் கொட்டகையோட குப்பைக்குழியை மூடின மண்ணு மேல. சுத்தி டெல்டா களிமண். மழையில ஊதும், கோடையில சுருங்கி வெடிக்கும்.

புது ரூமுக்கு மூணு சுவர்தான் கட்டியிருக்கோம். நாலாவது பக்கத்துக்கு பழைய கூடத்துச் சுவரையே கொத்தி, அதுல தளத்தைச் செருகியிருக்கோம். மூணு பக்கம் இறங்குது, நாலாவது பக்கம் அசையல. தளம் என்ன பண்ணும்? சாயும், விரியும். அந்த விரிசல்லதான் நான் மூணு தடவை சிமெண்ட் அப்பினேன்.

12/
கம்பிக்கு அடியில குறைஞ்சது 20 மில்லிமீட்டர் கான்கிரீட் இருக்கணும். அதுக்குத்தான் சென்ட்ரிங் தகடு மேல கவர் பிளாக் வச்சு கம்பியைத் தூக்கி நிறுத்துவாங்க. எங்க தளத்துல கம்பி தகடு மேலயே கிடந்திருக்கு. ஈரம் பட்டு துருப்பிடிச்சா கம்பி உப்பும். துரு, இரும்பை விட பல மடங்கு இடம் எடுக்கும். அந்த அழுத்தத்துலதான் அடியில இருக்கிற கான்கிரீட் பாளம் பாளமா பேந்து விழும். போதாக்குறைக்கு அதே தளத்து மேல 1000 லிட்டர் தண்ணி டேங்க். 1000 கிலோ. அதுவும் கசிஞ்சிட்டு இருந்தது.

இன்னொண்ணும் சொன்னார். ஓதம் வருதுன்னு பழைய சுண்ணாம்புச் சுவர் மேல நாங்க பூசின சிமெண்ட் பூச்சு, ஓதத்தை இன்னும் மேல ஏத்தியிருக்கு. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளிய விட்டுடும். சிமெண்ட் பூசி மூடினா ஈரம் வெளியேற வழியில்லாம மேல மேல ஏறும். வைத்தியம்னு நினைச்சு பண்ணினதே நோயைக் கூட்டியிருக்கு.

13/
எனக்குச் சரியான கோபம். 2003ல கட்டின மேஸ்திரியைத் தேடிப் பிடிச்சு நாலு கேள்வி கேக்கணும்னு மாமாவுக்கு போன் பண்ணினேன். மாமா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்:

"அந்த ஆளை ஏம்மா திட்டறே? குழி மூடின மண்ணு, ஒரு மழை பார்த்துட்டு வானம் தோண்டலாம், இல்லைன்னா ஆழமா போகணும், செலவாகும்னு அவன் சொன்னான். நாமதான் கேக்கல. நீதான் போன்ல, 'மாமா, அப்பாவுக்கு அடுத்த மழை வரைக்கும் டைம் இருக்கான்னே தெரியல, எப்படியாவது முடிங்க'ன்னு அழுதே. மறந்துட்டியா?"

14/
நிஜமாவே மறந்திருந்தேன். மாமா சொன்னதும் எந்த எஸ்டிடி பூத்ல நின்னு பேசினேன்னு வரைக்கும் ஞாபகம் வந்தது.

கவர் பிளாக் வைக்காதது மேஸ்திரி தப்பு. அதுல சந்தேகமே இல்லை. ஆனா அவசரப்படுத்தினது நாங்க. அந்த அவசரத்துக்கு நியாயமும் இருந்தது. அப்பாவைத் திரும்ப மழையில தூக்கிட்டுப் போக முடியாது. 2003ல எடுத்த முடிவுக்காக நான் வருத்தப்படல. வருத்தம் 2009லிருந்து. அவசரம் முடிஞ்சு, அப்பாவும் போயிட்டார். அதுக்கப்புறம் பதினாலு வருஷம் இருந்தது, நிதானமா என்ன கோளாறுன்னு பாக்குறதுக்கு. எமர்ஜென்சியில உயிர் காப்பாத்த எதை வேணா பண்ணலாம். நோயாளி நிலைக்கு வந்ததும் முதல்லருந்து திரும்பப் பரிசோதிக்கணும்னு ஜூனியர்களுக்குச் சொல்லிக் கொடுக்கிறவ நான்.

15/
இன்ஜினியர் ரெண்டு வழி சொன்னார். கடக்காலுக்கு அடியில முட்டுக் கொடுத்து, கம்பியைச் சுத்தம் பண்ணி, திரும்ப கான்கிரீட் போடலாம். இல்லைன்னா இடிச்சுக் கட்டலாம். ரிப்பேருக்கே புதுசு கட்டுற செலவுல முக்கால்வாசி வரும், உத்தரவாதமும் கிடையாதுன்னார்.

அம்மா ஒத்துக்கல. "அப்பா மூச்சு விட்ட இடம். இடிக்கிற சத்தத்தைக் கேட்டுக்கிட்டு என்னால இருக்க முடியாது"ன்னாங்க. நான் எக்ஸ்ரே காட்டினேன், போட்டோ காட்டினேன். நோயாளிகிட்ட பேசுற மாதிரி பேசினேன். நகரல. ரெண்டு வாரம் கழிச்சு அவங்களாவே கேட்டாங்க. "ஜன்னலை அதே இடத்துல, அதே உயரத்துல வைப்பாங்களா?" வைப்பாங்கன்னேன். "அப்போ சரி." வாதாடினதால இல்லை, ஜன்னலாலதான் சம்மதம் கிடைச்சது.

16/
2024 பிப்ரவரியில நகராட்சி அனுமதி, வரைபடம் எல்லாம் முறையா வாங்கி ஆரம்பிச்சோம். இடிக்கிறதுலயே பாதி சூட்சுமம். தளம் பழைய சுவருக்குள்ள செருகியிருக்கு. மெஷினை வச்சு உடைச்சா அந்த அதிர்ச்சியில சுண்ணாம்புச் சுவர் விட்டுடும். முதல்ல கூடத்துக்கு முட்டுக் கொடுத்து, தளத்தைக் கட்டரால அறுத்துப் பிரிச்சு, சுவருக்குள்ள இருந்த பாகத்தை உளியால கொஞ்சம் கொஞ்சமா எடுத்தாங்க. அந்தக் குழியைச் செங்கல்லும் சுண்ணாம்பும் வச்சு மூடினாங்க. பழைய சுவர்ல இருந்த சிமெண்ட் பூச்சை உரிச்சுட்டு, கடுக்காயும் வெல்லமும் ஊறவச்ச தண்ணியில சுண்ணாம்பு குழைச்சுப் பூசினார் ஒரு பெரியவர். வயசு எழுபதுக்கு மேல. "இது காயறதுக்கு நேரம் எடுக்கும் டாக்டரம்மா, அவசரப்படாதீங்க"ன்னார். யார்கிட்ட சொல்றார் பாருங்க.

17/
புது ரூமுக்கு கெட்டி மண் வர்ற வரைக்கும் அஞ்சரை அடி தோண்டி, தனியா நாலு தூண், பிளின்த் பீம், ஓதம் ஏறாம இருக்க அதுக்கு மேல தடுப்புப் பூச்சு. பழைய சுவரைத் தொடவே இல்லை. ரெண்டுக்கும் நடுவுல ஒரு அங்குலம் இடைவெளி விட்டு, வளைஞ்சு கொடுக்கிற பொருளால அடைச்சு, மேலே மழைத்தண்ணி இறங்காம தகடு. ரெண்டு கட்டடமும் அதது போக்குல அசைஞ்சுக்கலாம். டேங்க், தனி ஸ்டாண்டுக்குப் போயிடுச்சு.

18/
தளம் போட்டது மே மாசம், அக்னி நட்சத்திர வெயில்ல. பாத்தி கட்டி பதினாலு நாள் தண்ணி நிக்கணும்னு இன்ஜினியர் சொல்லியிருந்தார். நாலாம் நாள் லேசா ஒரு தூறல். "இது போதும்மா, கான்கிரீட் இறுகிடுச்சு"ன்னார் மேஸ்திரி.

கட்டு பிரிச்ச கையால ரப்பர் பந்தை அமுக்கிக்கிட்டே திண்ணையில உட்கார்ந்திருந்தாங்க அம்மா. பிசியோதெரபி. "ஏன் தம்பி, ரெண்டு நாள்ல காய்ச்சல் விட்டுடுச்சுன்னு ஆன்டிபயாட்டிக்கை நிறுத்தினா என் பொண்ணு என்ன கத்து கத்துவா தெரியுமா? பதினாலுன்னா பதினாலு"ன்னாங்க. காலண்டர்ல தினமும் ஒரு கட்டம் அடிச்சு, பதினாலையும் முடிச்சுட்டுத்தான் விட்டாங்க.

19/
மொத்தம் எட்டரை லட்சம் ஆச்சு. சின்னத் தொகை இல்லை, இன்னும் லோன் கட்டிட்டு இருக்கேன்.

2024 ஆகஸ்ட்ல அம்மா குடி போனாங்க. மழைக்காலத்துல இருமல் குறைஞ்சிருக்கு. இன்ஹேலரை நிறுத்தல, அளவு குறைச்சிருக்கோம். ரூம் மாறினதால மட்டும்தான்னு நான் சொல்ல மாட்டேன். ஆனா ராத்திரி எழுந்து உட்கார்றது இல்லை.

20/
உங்க வீட்டுக்கு, ஒரு டாக்டரா நான் சொல்றது:

ஒட்டுப் போட்ட ரூம்ல ஒரே இடத்துல விரிசல் திரும்பத் திரும்ப வந்தா பூசாதீங்க, காரணத்தைத் தேடுங்க. தளத்துல துரு நிறக் கோடு, உப்பல், பேந்த பூச்சு தெரிஞ்சா கட்டிலை உடனே நகர்த்துங்க, இன்ஜினியரைக் கூப்பிடுங்க. ஓதச் சுவரை ஒட்டி குழந்தையையும் பெரியவங்களையும் படுக்க வைக்காதீங்க.

பெரியவங்களுக்குப் புதுசா கட்டினா: வாசப்படி மேடே வேண்டாம். கதவு மூணு அடி அகலம் இருந்தா வீல்சேர் போகும். பாத்ரூம் கதவு வெளிப்பக்கம் திறக்கணும், உள்ள விழுந்தவங்க கதவை அடைச்சுக்கிட்டுக் கிடந்தாலும் நாம திறக்க முடியும். வழுக்காத டைல்ஸ். கைப்பிடியை கெட்டியான சுவர்ல பதிங்க, டவல் கம்பியைப் பிடிச்சு எழுந்திருக்க விடாதீங்க. கட்டிலிலிருந்து எட்டுற மாதிரி ஸ்விட்ச், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு.

21/
2024 நவம்பர் கடைசியில டெல்டாவுல நல்ல மழை. ராத்திரி பத்து மணிக்கு போன் பண்ணினேன்.

"அம்மா, ஒழுகுதா? சுவர் ஓரம் ஈரம் இருக்கா? வாசப்படி பக்கம் விரிசல் ஏதாவது?"

"ஒண்ணும் இல்லை. பவழமல்லி கொட்டிக் கிடக்கு, படுத்துக்கிட்டே பார்த்துட்டு இருக்கேன். இருமல் எப்படி இருக்குன்னு கேக்க மாட்டியா? டாக்டர்தானே நீ?"

கேட்டேன். இல்லைன்னாங்க.

இன்னிக்கு ஒருதடவை உங்க அம்மா அப்பா படுக்கிற இடத்துல நீங்க படுத்து, மேலே பாருங்க.